பராமரிப்பின் கூலியை யார் கொடுப்பது?: தலித் குடும்பங்களும் அறிவுசார் மாற்றுத்திறனாளிகளும்

ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்க்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. தேர்தலில் நின்று வெல்வதற்கான பணமோ சாதி பலமோ இல்லாதவர்களுக்கு மன்றத்தில் ஓர் இருக்கை கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் அந்த இருக்கைகளில் அமரப்போவது யார் என்ற கேள்வியைக் கேட்காமல் கடந்துவிட முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளிவந்தது 2020-இல்தான். அத்தகைய ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி என்ற பெயரால் நியமனம் பெறுபவர் ஊர்த்தெருவைச் சேர்ந்தவராக, பெரும்பாலும் ஆணாக, உடலியக்கக் குறைபாடு உடையவராக இருப்பார் என்று கணிப்பதற்குச் சோதிடம் தேவையில்லை. சேரியில், தன் பெயரைச் சொல்லவே முயன்று பழகிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பெண்ணின் தேவையை அந்த மன்றத்தில் எடுத்துரைப்பவர் யார்? அவளைப் பார்த்துக்கொள்வதற்காகவே வேலைக்குப் போகாமல் நின்றுவிட்ட தாயின் கணக்கை யார் கேட்பார்கள்?

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றை வளர்ச்சிசார் குறைபாடுகள் என்கிறோம். இவை ஒருவரின் வாழ்நாள் முழுவதும் உடன் வருபவை. சிகிச்சையால் தீர்ந்துபோகும் நோய்கள் அல்ல. மனநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டியவையும் அல்ல. இக்குறைபாடுகள் உள்ளோருக்கு வேண்டியது நாள்தோறும் கிடைக்கும் துணை. அந்தத் துணையை இன்று தருவது ஏறத்தாழ முழுமையாகக் குடும்பமே; குடும்பம் என்றால் தாய், பாட்டி, மூத்த சகோதரி. இந்த உழைப்பைத் தலித் குடும்பங்களின் நிலையிலிருந்து பார்க்கும்போது நம் சட்டங்கள் எங்கே நிற்கின்றன, எங்கே நழுவுகின்றன என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

முதலில் எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. மொத்த மக்கள்தொகையில் இது 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் 2.45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத பிறரிடையே 2.18 விழுக்காடு. அறிவுசார் குறைபாடு உள்ளோராக அன்று எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் இத்தகைய பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தயங்கும் வீடுகள் எத்தனை என்பதை அறிந்தவர்கள், இதைக் குறைந்தபட்சக் கணக்காகவே கொள்வார்கள்.

பட்டியல் சாதியினரிடையே விகிதம் ஏன் கூடுதல்? டவுன் நோய்க்குறி போன்ற மரபணுக் காரணங்கள் சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் பிரசவத்தின்போது மூச்சுத்திணறல், குறைந்த எடையுடன் பிறத்தல், உரிய காலத்தில் கவனிக்கப்படாத மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், தாயின் இரத்தசோகை, அயோடின் பற்றாக்குறை என்று நீளும் மற்றொரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொன்றும் மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, கர்ப்பிணி என்ன சாப்பிட்டார், எத்தனையாவது மாதம் வரை நாற்று நட்டார் என்பதோடு தொடர்புடையது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே கண்டறிந்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்கிறது. கண்டறிவது அங்கன்வாடியிலேயே நடந்துவிடலாம். அதன்பின் வாரந்தோறும் மாவட்டத் தலைநகருக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்வதுதான் நின்றுபோகிறது. மூன்று வயதில் நின்றுபோகும் இயன்முறைப் பயிற்சியின் விலையை அந்தப் பிள்ளை முப்பது வயதிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு மேல் முன்வினை என்ற விளக்கம் வேறு. போன பிறவியில் செய்த பாவம் என்று ஒரு பிள்ளையின் குறைபாட்டுக்குக் காரணம் சொல்லும் வாய்தான், சேரியில் பிறந்ததற்கும் அதே காரணத்தைச் சொல்லி வந்திருக்கிறது. தலித் தாய் இந்த ஒரே தத்துவத்தால் இரண்டு முறை தண்டிக்கப்படுகிறார்.

அடுத்த கணக்கெடுப்பின் மக்கள்தொகைப் பதிவு 2027-இல் சாதிவாரியாக நடைபெற இருக்கிறது. சாதி, குறைபாட்டின் வகை, வயது, பாலினம், வேலை ஆகியவற்றை ஒன்றோடொன்று சேர்த்த அட்டவணைகள் மாவட்ட அளவில் வெளியிடப்பட வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும். சாதிக்கு ஓர் அட்டவணை, குறைபாட்டுக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியே அச்சிட்டுக் கொடுத்தால், மீண்டும் பத்தாண்டுகள் ஊகத்தில்தான் வாதாட வேண்டியிருக்கும்.

இரண்டாயிரம் ரூபாயும் இழந்த கூலியும்

வட மாவட்டம் ஒன்றில் நான் சந்தித்த தாயின் மகனுக்கு அப்போது பதினாறு வயது. கடுமையான அறிவுசார் குறைபாடும் வலிப்பு நோயும் உண்டு. உணவு ஊட்ட வேண்டும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும், இரவில் வலிப்பு வந்தால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கணவர் செங்கல் சூளைக்குப் போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். அந்தத் தாய்க்குத் தெரிந்த வேலை களையெடுப்பும் நடவும். மகன் சிறுவனாக இருந்தவரை வரப்பில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்திருக்கிறார். அவன் வளர்ந்தபின் நிலக்காரர்கள் "பையனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஊர்த்தெருவுக்குள் அவன் நடந்து போனதற்காக இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறான். யாருடைய தெரு எது என்ற எல்லை அவனுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது ஒரு குறைபாடு என்று அந்த ஊர் தீர்ப்பளித்துவிட்டது. அதன்பிறகு தாய் வேலைக்குப் போவதில்லை. வீட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகலாம் என்று யாரோ சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அறிவுசார் குறைபாடு உள்ளோருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல தொகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பெண் விவசாயக் கூலி நாளுக்கு 300 ரூபாய் வீதம் மாதத்தில் பதினைந்து நாள் வேலைக்குப் போயிருப்பார் என்று வைத்துக்கொண்டாலே, அக்குடும்பம் இழப்பது 4,500 ரூபாய். அதாவது உதவித்தொகையைப் போல இருமடங்குக்கும் மேல் அந்தத் தாய் தன் கையிலிருந்து அரசுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சம்பளம் வாங்கும் நடுத்தரக் குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டால் சேமிப்பு கரையும். கூலிக் குடும்பத்தில் அடுப்பு அணையும். இல்லையென்றால் மூத்த மகளின் பள்ளிப்படிப்பு நிற்கும். இந்த இரண்டாவது விளைவு எந்த மாற்றுத்திறனாளிகள் நலப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

சட்டம் இதை அறியாதது அன்று. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 24-ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. அதன் மூன்றாம் உட்பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இரண்டாம் உட்பிரிவு இன்னும் முக்கியமானது: திட்டங்களை வகுக்கும்போது குறைபாட்டின் வகை, பாலினம், வயது ஆகியவற்றோடு சமூகப் பொருளாதார நிலையையும் அரசு கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. பிறருக்கான ஒத்த திட்டங்களைக் காட்டிலும் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக உதவி இருக்க வேண்டும் என்ற காப்புரையும் அங்கே உண்டு. 38-ஆம் பிரிவின்படி, தமக்கு உயர் ஆதரவு தேவை என்று கருதுபவர் தாமாகவோ அவர் சார்பில் வேறொருவரோ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் பரிசீலித்துப் பரிந்துரைக்க வேண்டும்.

ஆயினும் 24-ஆம் பிரிவின் தொடக்கச் சொற்கள் ஒரு பின்கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அரசு தன் "பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு" இவற்றைச் செய்ய வேண்டும். அந்தக் கதவின் வழியாகத்தான் பராமரிப்பாளர் படி வெளியேறிக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் திட்டம் முழுநேரப் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் என்று நிர்ணயித்தது. பராமரிப்பை ஒரு வேலையாக முதலில் அங்கீகரித்தது என்ற வகையில் அதற்கு மதிப்புண்டு. கூலியாகப் பார்த்தால் அது இரண்டு நாள் கூலி. பிற மாநிலங்களில் அறிவிக்கப்படும் தொகைகளும் இழந்த கூலியோடு ஒப்பிடும் நிலையில் இல்லை. குறைந்தபட்சக் கூலியோடு இந்தப் படியைப் பிணைக்க வேண்டும் என்பதே நம் வாதமாக இருக்க வேண்டும். வேறொருவர் வீட்டில் செய்தால் கூலி பெறும் வேலை, தன் வீட்டில் செய்யும்போது பாசம் என்று பெயர் மாறிவிடுகிறது.

இந்த உதவித்தொகையை அடைவதற்கான பாதையும் கூலியைத்தான் தின்கிறது. அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழுக்கு நுண்ணறிவுச் சோதனை, சமூக முதிர்ச்சி அளவீடு என்று உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும். உளவியலாளர் வாரத்தில் சில நாட்களே இருப்பார். 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட மத்திய விதிகள், சான்றிதழ் வழங்குவதற்கான கால வரம்பை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டித்தன. மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் முழு வளர்ச்சியடைந்த ஒரு பையனைத் தனியாளாகப் பேருந்தில் ஏற்றி இறக்கும் தாய்க்குக் கட்டணமா பிரச்சினை? சக பயணிகளின் பார்வையைச் சுமந்துகொண்டு போய், "அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலைச் சுமந்துகொண்டு திரும்புவதுதான் பிரச்சினை.

பள்ளியைப் பற்றி ஒரு சொல். மாணவர் எண்ணிக்கைக்கு உரிய விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வலியுறுத்தியது. சிறப்பாசிரியர் ஒருவரே பல பள்ளிகளுக்குச் சுற்றிவரும் நிலையில், வாரம் ஒரு முறை அவர் வரும் பள்ளி எது, மாதம் ஒரு முறை வரும் பள்ளி எது என்று பார்த்தால் ஊரின் வரைபடமே தெரிந்துவிடும். வீடு சார்ந்த கல்வி என்ற ஏற்பாடு கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. அது பள்ளிக்கு வரவேண்டாம் என்பதன் நாகரிகமான வடிவமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குப் பிறகு

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும், எந்தச் சாதியினரானாலும், ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எங்களுக்குப் பிறகு யார்? கேள்வி ஒன்றுதான். பதிலுக்கான வசதிகள்தாம் சாதிவாரியாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன.

சொத்து உள்ள குடும்பம் அறக்கட்டளை எழுதி வைக்கிறது. வாடகை வரும் வீடு ஒன்றை ஒதுக்கி வைக்கிறது. அரசு ஊழியர் குடும்பத்துக்கு வேறொரு வழி உண்டு. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளிலும், பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குரிய தமிழ்நாட்டு விதிகளிலும், சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. நாட்டில் இருக்கும் ஏற்பாடுகளில் மிகச் சிறந்தது இதுதான் என்பேன். விண்ணப்பம் உண்டு, சான்றிதழ் உண்டு, அலைச்சலும் உண்டு. ஆனால் முடிவில் கிடைப்பது கருணைத் தொகை அன்று, பெற்றவரின் உழைப்பிலிருந்து வந்த உரிமை.

தலித்துகள் பெருமளவில் அரசு ஊழியராக நுழைந்த வாசல்களில் ஒன்று உள்ளாட்சிகளின் தூய்மைப் பணி. அந்த வாசல் சாதியின் வாசல்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நிரந்தரப் பணியில் இருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் இறந்தபின், அவருடைய அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வந்தது. இப்போது அந்தப் பணி ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் பதின்மூன்று நாட்கள் அமர்ந்திருந்து, நள்ளிரவில் காவல்துறையால் அகற்றப்பட்டார்கள். அப்போராட்டம் பற்றிய விவாதங்களில் தினக்கூலி பேசப்பட்டது, பணி நிரந்தரம் பேசப்பட்டது. பணி நிரந்தரத்தோடு சேர்ந்து பறிபோவது குறைபாடுள்ள பிள்ளைகளின் எதிர்காலமும்தான் என்பது பேசப்படவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் தர எந்த நிறுவனத்துக்கும் கடமை இல்லை. மாற்றுத்திறனாளி அமைப்புகளும் தூய்மைப் பணியாளர் சங்கங்களும் ஒரே மேடையில் நிற்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்கு வருவோம். பதினெட்டு வயது ஆனதும் சட்டத்தின் பார்வையில் பிள்ளை வளர்ந்தவராகிவிடுகிறார். பெற்றோர் இயல்பான பாதுகாவலர் என்ற நிலை முடிகிறது. வங்கிக் கணக்கு, சொத்து ஆகியவற்றில் கையெழுத்திட வேண்டிய இடங்களில் சிக்கல் தொடங்குகிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்காக இதற்கொரு வழியை வகுத்தது. நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்தில் சொத்து விவரமும் ஆண்டுதோறும் கணக்கும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அவர் புறக்கணித்தாலோ சொத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ நீக்கவும் வழி உண்டு. இதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை வெளிநோயாளிச் செலவையும் பயிற்சிகளையும் ஏற்கிறது.

ஏழைக் குடும்பங்களுக்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இவை பெரும்பாலும் பதிவுபெற்ற தொண்டு அமைப்புகளின் வழியாகவே மக்களைச் சென்றடைகின்றன. அந்த அமைப்புகள் பல, நகரங்களில் படித்த பெற்றோர்கள் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. அவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் போராடியிராவிட்டால் 1999-ஆம் ஆண்டுச் சட்டமே வந்திராது. ஆயினும் ஓர் அமைப்பின் கரம் அதன் அலுவலகம் இருக்கும் தெருவிலிருந்துதான் நீள்கிறது. தலித் இயக்கங்களோ வன்கொடுமை, நிலம், இடஒதுக்கீடு என்று எரியும் பிரச்சினைகளில் நின்று, குறைபாட்டை மருத்துவத்துறையின் விவகாரமாக விட்டுவிட்டன. இரு இயக்கங்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நான் மேலே சொன்ன தாய் நிற்கிறார்.

பாதுகாவலர் என்ற ஏற்பாட்டிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆதரவு கேட்கும் நம் பேச்சில், குறைபாடுள்ளவரின் சொந்தக் குரல் எளிதில் காணாமல் போய்விடும். 2016 சட்டம் இதை எச்சரிக்கையோடு அணுகுகிறது: 13-ஆம் பிரிவு பிறரோடு சமமான சட்டத்தகுதியை ஏற்கிறது, 14-ஆம் பிரிவு, பாதுகாவலரும் அவரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையையே முன்வைக்கிறது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்தபோது பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஆதரவற்ற பெண்ணின் வழக்கை (சுசிதா ஸ்ரீவஸ்தவா, 2009) இங்கே நினைவுகூர வேண்டும். கருவைக் கலைக்க நிர்வாகம் விரும்பியது. அந்தப் பெண் விரும்பவில்லை. அவருடைய ஒப்புதல் இல்லாமல் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர், இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதியான கே.ஜி.பாலகிருஷ்ணன். வாக்குரிமையும் அப்படித்தான்: தகுதியுள்ள நீதிமன்றம் மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்திருந்தாலொழிய, அறிவுசார் குறைபாட்டைக் காரணம் காட்டி எவர் பெயரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. வாக்குச்சாவடியில் "இவனுக்கு எதற்கு ஓட்டு" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது.

வழக்காகும்போது

வன்முறை நிகழும்போது இரண்டு சட்டங்களும் ஒரே மேசைக்கு வரவேண்டும். வருவதில்லை என்பதே எங்கள் அனுபவம். 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொதுப்பார்வையில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்துவது, தாக்குவது, பாலியல் சுரண்டல் ஆகியவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சொற்களைப் படித்தவர்களுக்கு இதன் சாயல் உடனே புலப்படும். ஊர்த்தெருவில் அடிவாங்கிய அந்தப் பையனின் வழக்கில் இரண்டு சட்டங்களும் பொருந்தும். காவல் நிலையத்தில் பெரும்பாலும் ஒன்றும் எழுதப்படுவதில்லை. எழுதினால் சாதாரணக் காயம். 92-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதை நிலைய எழுத்தரிடம் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

பாலியல் வன்முறை வழக்குகளில் நிலைமை இன்னும் கடினம். 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய பட்டான் ஜமால் வலி எதிர் ஆந்திர மாநிலம் தீர்ப்பைத் தலித் வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும் வரிக்கு வரி படிக்க வேண்டும். பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் 2011-இல் வன்புணர்வுக்கு ஆளான வழக்கு அது. நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர்.ஷா அமர்வு, சாதி, பாலினம், குறைபாடு ஆகிய மூன்றும் ஒருவர் மீது ஒருசேர அழுத்தும்போது அந்த ஒடுக்குமுறையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்று விரிவாக எழுதியது. குறைபாடுள்ளவரின் சாட்சியத்தைத் தரம் குறைந்ததாகக் கருதக்கூடாது என்றும், காவல்துறைக்கும் நீதித்துறைக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சொன்னது. ஆயுள் தண்டனையும் உறுதியானது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை அதே தீர்ப்பில் நீக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் "என்ற காரணத்தால்" குற்றம் நிகழ்ந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்ற பழைய சட்டச்சொல்லே அதற்குக் காரணம். மூன்றையும் பிரிக்க முடியாது என்று பல பக்கங்களில் விளக்கிய தீர்ப்பு, இறுதியில் சாதியைத் தனியே பிரித்தெடுத்து, ஆதாரம் இல்லை என்று வைத்துவிட்டது.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவரின் சாதியை அறிந்திருந்தாலே போதும். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ தனிப்பட்ட முறையில் தெரிந்தவராக இருந்தால் அந்த அறிவு இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஒரே ஊரில் சேரி எது என்று தெரியாதவர் யார்? எனவே இன்றைய வழக்குகளில் இந்தத் தடை இல்லை. தடை முதல் தகவல் அறிக்கையில்தான். வன்கொடுமைச் சட்டப் பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் மன அல்லது உடல் குறைபாடுள்ள பெண்ணுக்கு எதிரான குற்றத்தைக் கூடுதல் கடுமையுடையதாக்கும் 64(2)(k) பிரிவு, 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவு ஆகிய மூன்றும் முதல் நாளே எழுதப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் சிறுமியாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 5(k)-யும் சேரும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அரசு தரும் நிவாரணத் தொகை, சிறப்பு நீதிமன்றம், முன்பிணைக்கான தடை என்று ஏதோ ஒன்று கைநழுவுகிறது.

வாக்குமூலம் பதிவு செய்யும் முறையும் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. குறைபாடுள்ள பெண்ணின் புகாரை அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சிறப்பாசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க, காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்குப் பொருந்திய பதில் சொல்ல முடிந்தவர் எவரும் சாட்சி சொல்லத் தகுதியானவரே. ஆனால் மாவட்டத்தில் எந்தச் சிறப்பாசிரியரை அழைப்பது என்ற பட்டியல் காவல் நிலையங்களில் இருப்பதில்லை. இருந்தாலும் ஆதிக்கச் சாதிக் குற்றவாளிக்கு எதிரான வழக்கில் உடன் நிற்க அந்த ஊரில் வேலை பார்க்கும் ஆசிரியர் தயங்குகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; வெளி ஒன்றியத்திலிருந்து அழைக்கும் ஏற்பாடும் பயணப்படியும் வேண்டும். சமரசப் பேச்சுக்கு ஊர்ப் பெரியவர்கள் வரும்போது, "அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், கோர்ட்டில் என்ன சொல்லும்" என்பதே முதல் வாதமாக இருக்கும். காணொளியில் பதிவான வாக்குமூலம் ஒன்றுதான் அந்த வாதத்தை முறிக்கிறது.

பணம் எங்கே இருக்கிறது

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கீடு, அதைத் திசை திருப்பாமல் செலவழித்தல் ஆகியவற்றுக்கான நெடுநாள் கோரிக்கை சட்டவடிவம் பெற்றது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காட்டினர், பழங்குடியினர் 1.1 விழுக்காட்டினர். மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்கும் இந்தச் சட்டம் பொருந்த வேண்டும். உதவித்தொகை பெறுவோரில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்று கணக்குக் காட்டிச் செயல்திட்ட நிதியை வழக்கமான செலவில் கரைத்துவிடுவது எளிது. நாம் கேட்க வேண்டியது வேறு: ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலேயே பகல்நேரப் பராமரிப்பு மையங்கள், அவற்றில் பயிற்சி பெற்று ஊதியத்துடன் பணிபுரியும் அதே குடியிருப்பின் பெண்கள், தாய் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் மாலை திரும்பும்வரை திறந்திருக்கும் நேரம். உரிமைகள் திட்டத்தின் கீழ் தொடங்கப்பட்டுவரும் 'விழுதுகள்' சேவை மையங்கள் நல்ல முயற்சி. அவை வேர்விடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் சாதி ஓர் அளவுகோலாக வேண்டும்.

நிலமும் இங்கே வருகிறது. 2016 சட்டத்தின் 37-ஆம் பிரிவு, விவசாய நில, வீட்டுவசதி ஒதுக்கீடுகளில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு, பெண்களுக்கு முன்னுரிமையோடு ஒதுக்கச் சொல்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் வீட்டுமனைப் பட்டாக்களில் இந்த 5 விழுக்காட்டைக் கேட்டு மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர்? அறிவுசார் குறைபாடுள்ள மகளின் பெயரில் ஒரு பட்டா இருந்தால், 'எங்களுக்குப் பிறகு' என்ற கேள்விக்கு ஒரு சென்ட் அளவிலாவது பதில் இருக்கும்.

சொற்கள் மாறிவருகின்றன. 'மனவளர்ச்சி குன்றியோர்' என்பது அறிவுசார் மாற்றுத்திறனாளி ஆயிற்று. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். இரண்டும் தேவையான மாற்றங்கள். பெயர்ப்பலகையை மாற்றிய கையோடு அந்தத் தெருவுக்குப் பகல்நேர மையம் ஒன்றையும் அரசு கொண்டு வரட்டும்.

பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய வன்கொடுமைத் தடுப்பு மாவட்ட விழிப்புக் கண்காணிப்புக் குழுவும் நடைமுறையில் ஒரே மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில்தான் இருக்கின்றன. இரு கோப்புகளும் ஒரே மேசையில் கிடந்தும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. கண்காணிப்புக் குழுவில் இடம்பெற்றுள்ள தலித் உறுப்பினர்களும், மாவட்டங்களில் பணியாற்றும் இயக்கத் தோழர்களும் அடுத்த கூட்டத்துக்கு முன்பே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளை அனுப்பலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் உள்ளூர்க் குழு வழங்கிய பாதுகாவலர் சான்றுகள் எத்தனை, அவற்றுள் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்குச் சென்றவை எத்தனை? வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தவை எத்தனை, அவற்றில் 92-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டவை எத்தனை? உயர் ஆதரவு கேட்டு 38-ஆம் பிரிவின்கீழ் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, மதிப்பீட்டு வாரியம் எத்தனை முறை கூடியது? முப்பது நாட்களில் பதில் வரவேண்டும். "தகவல் இல்லை" என்று வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனுவில் முதல் இணைப்பு ஆவணம் அதுவாகவே இருக்கும்.